ஓவர்டைமுக்குப் பணம் கேட்கிறார் சூப்பர்வைசர்: கொடுக்கலாமா?

தம்பி, சிங்கப்பூர் வந்து மூன்று மாதம், சூப்பர்வைசர் நம்ம ஊர்க்காரர், மாதம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால்தான் ஓடி, அதாவது ஓவர்டைம் வேலை, இல்லையென்றால் வேலை பெர்மிட்டைக் கேன்சல் செய்யச் சொல்வேன் என்கிறார், அனுசரித்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே.

வேலையில் வைத்திருக்க வெளிநாட்டுத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது இங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை உண்டு. பெர்மிட்டைக் கேன்சல் செய்வது கம்பெனிதான், சூப்பர்வைசர் இல்லை. அவர் பேச்சை முதலாளி கேட்கவும் கூடும். அதனால் இன்றே ஒரு சின்ன நோட்டு வாங்கு. வேலைக்கு ஏறிய நேரம், வேலை விட்டு இறங்கிய நேரம், அவர் என்ன கேட்டார், எந்தத் தேதியில் கேட்டார், எல்லாம் எழுது. சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதே. ஓடிக்கு ஒன்றரை மடங்கு கூலி, சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். வராவிட்டாலும், பணம் கேட்பது நிற்காவிட்டாலும், நோட்டோடு மனிதவள அமைச்சுக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) உட்கார்ந்து “இங்கே இதெல்லாம் சகஜம்” என்பவர்களை நம்பாதே. அவர்களும் கொடுத்தவர்கள், மற்றவனும் கொடுத்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும்.

நானும் கொடுத்தவன்தான். 2007-இல் இங்கே துவாஸ் பகுதியில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. முதல் வாரமே சூப்பர்வைசர் டீ வாங்கித் தந்தார், செருப்பு வாங்கித் தந்தார், “நீ என் தம்பி மாதிரி” என்றார். அப்புறம் அந்தச் செருப்பைச் சொல்லியே ஏழு மாதம் பணம் வாங்கினார். பணம்கூடப் போகட்டும். ஒரு நாள் கப்பல் டேங்குக்குள் கேஸ் வாடை வந்தது. சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று வாயைத் திறக்காமல் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பிறகு ஒரு பங்களாதேஷ் ஃபோர்மேனிடம் மாற்றினார்கள். அவரும் எங்களைத் தன் சொல்படிதான் நடக்க வைத்தார், ஆனால் மிரட்டி இல்லை. மேலே ஏறினால் முதலில் தன் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டுவார். ஒரு வேலையை ஏன் இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொல்வார். நீ முடியாது என்றால் காரணம் கேட்பார். அவருக்காக நாங்கள் மழையிலும் நின்றோம். ஓடி யாருக்கு என்று கண்டெய்னர் கதவில் சாக்பீஸால் முறை வைத்து எழுதுவார், யாரும் போய்ப் பார்க்கலாம். உன் ஆள் அந்த 50 வெள்ளியை அப்படிக் கதவில் எழுதுவாரா?

அந்த ஃபோர்மேன் ஊருக்குத் திரும்பியபோது மீதமிருந்த சாக்பீஸ் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அந்தக் கதவில் நான் எழுதினேன்.