கேளுங்கோ, கதைப்பம்: நான் நான்தான் எண்டு நிரூபிக்கிறது எப்பிடி?

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஏதோ சொல்லி வச்ச மாதிரி சிரிப்பும் கதையுமா ஒரே பக்கமா வந்திருக்கு, அதால ஒண்டாவே போடுறன். வழக்கம்போல பேர் ஒண்டும் போடேல்லை, கொழும்பு சின்ன ஊர், அடுத்த லேனில ஆர் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்.

கேள்வி: அன்ரி, என்ட பேர் பிறப்புச் சான்றிதழில ஒரு மாதிரி, அடையாள அட்டையில இன்னொரு மாதிரி, ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். மகளின்ட அலுவலா ஒரு கந்தோருக்குப் போக, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி கேட்டவை, கொண்டு போனன், அதில அப்பான்ட பேர் பிழை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். மூண்டாம் தரம் போகேக்க அந்த மிஸ் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாத்து "இது நீங்கதானா?" எண்டு சிங்களத்தில கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, அடக்க ஏலேல்லை, கண்ணால தண்ணி. அவவுக்குச் சரியான கோபம். மகள் சொல்லுறா அம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு. சிரிச்சது பிழையோ?
ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிள்ளை, உம்மட கடிதத்தை வாசிச்சு நானும் சிரிச்சன், அதால உமக்கு விசர் எண்டா எனக்கும் விசர்தான். ஆனா ஒண்டு கேக்கிறன், அந்த அட்டையின்ட நம்பரை எப்பவாவது வடிவாப் பாத்திருக்கிறீரே? பிறந்த நாள் வருஷத்தில எத்தினையாம் நாள் எண்டுதான் அதில கிடக்கு, பெப்ரவரி 2 எண்டா 33ஆம் நாள், ஆம்பிளைக்கு 033 எண்டு விழும், பொம்பிளை எண்டா அதோட 500ஐக் கூட்டி 533. எங்கட வீட்டுக்காரருக்கு இது தெரிஞ்ச நாளில இருந்து ஒரே பகிடி, "365 நாள் வருஷத்தில நீர் 533ஆம் நாள் பிறந்தனீர், மிச்ச நாளெல்லாம் எங்கயிருந்து கதைச்சுக்கொண்டு இருந்தனீர்?" எண்டு. முப்பது வருஷமா அதே பகிடி. இப்ப சிரிப்பு வாறேல்லை, ஆனா ஆரும் புது ஆக்கள் வீட்டை வந்தா நானே எடுத்துக் குடுக்கிறன், "அப்பா அந்த 500 கதையைச் சொல்லுங்கோ" எண்டு. ஏன் எண்டு எனக்கே விளங்கேல்லை.

இந்த நாடு சும்மா இருக்கிறவனையும் சிரிக்க வைக்கும். 66இல இருந்து 71 வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, போயாவும் (பௌர்ணமி, அமாவாசை, ரெண்டு அரை நிலா நாள்) அதுக்கு முதல் நாளும்தான் லீவு, அப்ப அடுத்த லீவு எப்ப எண்டு நிலாவைத்தான் கேக்கோணும், ஒரு கிழமை நீளும் ஒரு கிழமை குறுகும் எண்டு அம்மா சொல்லுவா. எனக்கு நல்லா ஞாபகம் உள்ளது 96. மழை இல்லை, கரண்ட் இல்லை, மே மாசம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சினம், பிறகு ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு. புலிகளின்ட கட்டுப்பாட்டில இருந்த வன்னியில பழைய நேரம்தான், கொழும்பில புது நேரம். அந்த வருஷம் ஆவணியில எங்கட வீட்டில கலியாணம், ஐயர் பஞ்சாங்கத்தைப் பாத்துப் பழைய நேரத்தில முகூர்த்தம் வைக்க, கலியாணக் கார்ட்டில அதை அப்பிடியே அடிச்சாச்சு, பழசோ புதுசோ எண்டு ஒரு சொல் இல்லை. பாதிச் சனம் புது நேரத்துக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்கு முதலே ஹோலில குந்திக்கொண்டிருக்கு, பொம்பிளைக்கு அப்பதான் தலை இழுக்கினம், மாமா வாசல்ல நிண்டு வாற ஒவ்வொருத்தரிட்டையும் "நீங்கள் எந்த நேரம்?" எண்டு கேக்கிறார், வணக்கம் சொல்லுற மாதிரி. அண்டைக்கு மாமாவுக்கு பிரஷர் ஏறினது உண்மை. ஆனா இப்ப எங்கட குடும்பத்தில ஆர் பிந்தி வந்தாலும் அதே கேள்விதான், 2006இல பழைய நேரத்துக்கே திரும்பி வந்தாச்சு, மாமாவும் போயிட்டார், கேள்வி மட்டும் நிக்குது.

சிரிச்சது பிழையோ எண்டு கேட்டீர். தொல்காப்பியத்தில நகை நாலு காரணத்தால வரும் எண்டு சொல்லியிருக்கு, எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலாவதா நிக்கிறது எள்ளல், அதாவது மற்றவனை நக்கல் அடிக்கிறது. நீர் சிரிச்சது அந்தக் கடதாசியைப் பாத்து, ஆனா அந்த மிஸ்ஸுக்கு அது எள்ளலாத்தான் பட்டிருக்கும், காலமை எட்டரையில இருந்து சனத்தின்ட ஏச்சு வாங்கிக்கொண்டு இருக்கிற பிள்ளை, தன்னைத்தான் சிரிக்கிறாள் எண்டு நினைக்காமல் வேற என்னத்தை நினைக்கும்? அடுத்த முறை சிரிப்பு வந்தா அவவையும் உள்ளுக்க இழும். "மிஸ், உங்கட பேரையும் இப்பிடி ஆரும் பிழையா எழுதியிருக்கினமோ?" எண்டு கேட்டுப் பாரும். கட்டாயம் ஒரு கதை இருக்கும், அவவுக்கு இல்லாட்டி அவவின்ட மாமிக்கு இருக்கும். கையோட பிறப்புச் சான்றிதழைத் திருத்துற வழியையும் கேட்டு வையும், ஒவ்வொரு அலுவலுக்கும் சத்தியம் பண்ணிக்கொண்டு திரிய ஏலாது.

கேள்வி: விடியக்காலமை கூட்டமா நிண்டு கைதட்டி ஹா ஹா எண்டு சிரிக்கிற பயிற்சி ஒண்டு இருக்காமே, எங்கட பிளட்ஸில தொடங்கலாம் எண்டு யோசினை. வருத்தம் மாறுமோ?
ஓய்வு பெற்ற வாசகர், தெஹிவளை

பதில்: அண்ணை, அதைத் தொடங்கினவர் மதன் கட்டாரியா எண்ட மும்பாய் டொக்டர், 1995இல ஒரு பார்க்கில அஞ்சு பேரோட. பகிடி முடிஞ்சு போச்சுதாம், அதால சும்மா சிரிச்சுப் பாத்தவை. ஒக்ஸ்ஃபோர்டில ரொபின் டன்பார் எண்டவர், சேந்து இருந்து நல்லாச் சிரிச்ச ஆக்கள் பிறகு நோவைக் கொஞ்சம் கூடத் தாங்கினம் எண்டு காட்டியிருக்கிறார். நோவு தாங்கிறது வேற, வருத்தம் மாறுறது வேற, குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ. ஆறு மணிக்கு முன்னம் ஹா ஹா எண்டு தொடங்கினா மேல் மாடிக்காரர் தண்ணி ஊத்துவினம், அதையும் யோசியுங்கோ. காலிமுகத்திடலுக்குப் போனா ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.

கேள்வி: சொல்ல வெக்கமா இருக்கு அக்கா. 2022இல கரண்ட் போகேக்க எங்கட மாடிப்படியில நாலு குடும்பமும் வந்து இருப்பம், நாங்கள், கீழ் வீட்டு சிங்கள ஆக்கள், மேல முஸ்லிம் குடும்பம், ஒரு மெழுகுதிரி, பிளேன்டீ, சீனி ஆரிட்ட இருக்கோ அவையின்ட வீட்டால. அப்பிடிச் சிரிச்சது என்ட வாழ்க்கையில இல்லை. இப்ப எல்லாம் இருக்கு, ஆனா படியில கண்டா தலையாட்டுறதோட சரி. அந்தக் காலத்தை நினைச்சு ஏங்கிறது பாவம் இல்லையா, எத்தினை சனம் கஷ்டப்பட்டது?
குடும்பத் தலைவர், கொட்டாஞ்சேனை

பதில்: பாவமே இல்லை தம்பி. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் லைட் இல்லை, பெற்றோல் கியூவில வாகனத்துக்குள்ளயே நித்திரை கொண்டம், பிறகு ஜூலையில கியூஆர் கோட் எண்டு வந்து ஃபோனைக் காட்டி பெற்றோல் அடிச்சம், அந்த மாசமே சனம் ஜனாதிபதி மாளிகையின்ட நீச்சல் தடாகத்தில குளிச்சதையும் பாத்தம். இதையெல்லாம் ஒருத்தன் தனிய வீட்டுக்குள்ள இருந்து யோசிச்சிருந்தா அங்கொடை விசர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஏத்தியிருக்க வேணும். படியில இருந்து கதைச்சதால தப்பினீங்கள்.

ரொபர்ட் புரொவைன் எண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் கடைத்தெருவில சனம் கதைக்கிறதை ஒட்டுக்கேட்டு (எங்கட பாசையில விடுப்புப் பாத்து) 1200 சிரிப்பை எழுதி வச்சவர். பகிடிக்குச் சிரிச்சது நூறில இருவது கூட இல்லை, மற்றதெல்லாம் "சரி அப்ப வாறன்" மாதிரிச் சும்மா கதைக்குத்தான். தனிய இருக்கேக்க விட ஆக்களோட இருக்கேக்க 30 மடங்கு கூடச் சிரிக்கிறமாம். வள்ளுவர் 999ஆம் குறள்ல, ஆக்களோட சிரிச்சுப் பழகத் தெரியாதவைக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலயும் இருட்டு எண்டுறார். பட்டப்பகலில பவர்கட் எண்டு நினையுங்கோ. உங்களுக்கு நடந்தது அதுக்கு மறுவளம், லைட் இல்லாத நேரம் வெளிச்சமா இருந்தனீங்கள்.

செய்யக்கூடியது ஒண்டு சொல்லுறன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு மெயின் சுவிச்சை நீங்களே ஓஃப் பண்ணிப்போட்டு மெழுகுதிரியோட படியில போய் இருங்கோ. மேல் வீட்டுக்காரர் என்ன கரண்ட் போட்டுதோ எண்டு எட்டிப் பாப்பினம். பொய் சொல்ல வேண்டாம், விசயத்தைச் சொல்லுங்கோ, சிரிக்கத் தொடங்கினா பிளேன்டீ வரும். பிரிட்ஜுக்குள்ள மீன் இருந்தா மட்டும் யோசிச்சுச் செய்யுங்கோ.

கேள்வி: ஊரில "கதை" எண்டா பேச்சும் அதுதான், ஸ்டோரியும் அதுதான். ஏன் ரெண்டுக்கும் ஒரே சொல்?
மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான் எண்டதால. எங்கட ஆக்களிட்ட "பஸ் பிந்திட்டுது" எண்டு ஒரு வசனத்தில ஆரும் சொன்னதை நீர் கேட்டிருக்கிறீரோ?

கேள்வி: அப்பா போய் நாலு மாசம். அந்தியேட்டி முடிஞ்ச அடுத்த நாளில இருந்து ஒரு காகம் பல்கனிக்கு வருது, சரியா ஆறேகாலுக்கு, அப்பா பேப்பர் பாக்கிற நேரம். சோறு வைக்கிறன், தலையைச் சரிச்சு ஒரு பார்வை பாக்கும், அதுவும் அப்பான்ட பார்வைதான். பிள்ளைகள் சிரிக்குதுகள், "தாத்தா வந்திட்டார், பேப்பரைக் குடுங்கோ" எண்டு. எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் நானும் சிரிக்கிறன். அது அப்பாவோ இல்லையோ?
ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: தெரியாது அம்மா. ஆறேகாலுக்கு வெள்ளவத்தை முழுக்கக் காகம்தான், அது எனக்கும் தெரியும் உமக்கும் தெரியும். ஆனா அந்தப் பார்வையைப் பாத்தது நீர், நான் இல்லை. தொல்காப்பியத்தில நகைக்கு அடுத்ததா அழுகையைத்தான் வச்சிருக்கு, அங்கால கொஞ்சம் தள்ளி மருட்கை, இது என்னெண்டு விளங்காமல் அதிசயிச்சு நிக்கிறது. உமக்கு மூண்டும் காலமை ஆறேகாலுக்கு ஒண்டா வருது, அவ்வளவுதான்.

பிள்ளைகளை ஏசாதேயும். செத்தவீட்டில ராவிராவா முழிச்சிருக்கேக்க பின் வளவுக்க ஆம்பிளையள் சிரிக்கிற சத்தம் கேக்கும், சின்னனில எனக்கு அது பெரிய அநியாயமாப் பட்டது, பிறகுதான் தெரிஞ்சுது அவ்வளவு நேரமும் செத்தவரின்ட கதையைத்தான் கதைச்சிருக்கினம், அவர் சைக்கிளால விழுந்தது, சீட்டுக்காசை ஒளிச்சு வச்ச இடத்தை மறந்தது. உம்மட பிள்ளையள் தாத்தாவுக்குப் பேப்பர் குடுக்கச் சொல்லுதுகள். அவர் எந்தப் பேப்பர் வாசிக்கிறவர், எந்தப் பக்கத்தை முதல்ல பிரிக்கிறவர் எண்டு அந்த நேரம் சொல்லிக் குடும், அதுகளுக்குத் தெரிஞ்சிருக்காது.

மற்றது, காகத்துக்கு என்ன சோறு வைக்கிறீர்? வெறும் சோறோ, தயிர் போட்டோ? எனக்கு எழுதும். எங்கட பல்கனிக்கு வாறவர் சோத்தைத் திரும்பியும் பாக்கிறேல்லை, பாண் மட்டும்தான், அதுவும் பட்டர் பூசியிருக்கோணும்.