கொடைக்கானலில் சத்தமில்லாத வீடு: எந்த ரோட்டில் தேடுவது?

கேள்வி: மே இரண்டாம் வாரம் கொடைக்கானல் போகிறோம். நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், மாமனார், முட்டிவலியுள்ள மாமியார் என ஆறு பேர், மூன்று இரவு. போன தடவை ஏரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்து, ஹாரன் சத்தத்தில் தூக்கமே இல்லை. இந்த முறை சமையலறையோடு, ஊருக்கு வெளியே அமைதியாக ஒரு வீடு வேண்டும். பூம்பாறை, வட்டக்கானல், அட்டுவம்பட்டி மூன்று இடத்திலும் வீடுகள் காட்டுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எல்லோரும் ஏரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கொடைக்கானலில் அந்தக் கணக்கு சரிப்பட்டு வராது. மே மாதத்தில் அங்கே சத்தமும் நெரிசலும் குறிப்பிட்ட சில ரோடுகளில்தான் ஓடுகின்றன. வீடு எந்த ரோட்டின் மேல் இருக்கிறது, அந்த ரோடு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வத்தலகுண்டு ரோடும் பழனி ரோடும் பெருமாள்மலையில் சேர்ந்து ஒரே ரோடாக மேலே ஏறுகின்றன. வெள்ளி அருவி, செண்பகனூர், மூஞ்சிக்கல், ஏழு ரோடு என்று ஊருக்குள் வரும் வண்டியெல்லாம் இதில்தான். ஊருக்குள் வந்தவர்கள் அப்புறம் தூண் பாறை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்று ஒரு சுற்றுப் போவார்கள். சீசனில் இந்த இரண்டு தடமும் காலை பத்து மணியிலிருந்து இருட்டும்வரை நகர்ந்து நகர்ந்துதான் போகும். இவற்றின் ஓரத்தில் இருக்கும் வீடு, ஏரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

இதை வைத்து நீங்கள் சொன்ன மூன்று இடத்தையும் பார்ப்போம்.

பூம்பாறை எனக்கு மிகவும் பிடித்த ஊர். படிப்படியாக இறங்கும் வயல்கள், புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு, குழந்தை வேலப்பர் கோயில், ராத்திரியானால் நாய் குரைப்பதைத் தவிர வேறு சத்தம் கிடையாது. ஆனால் அங்கே போகும் ரோடு மோயர் பாயிண்டைத் தாண்டித்தான் போகிறது. அதாவது ஒவ்வொரு முறை ஊருக்குள் வரும்போதும் அந்த நெரிசலுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் காட்டு ரோட்டில், பனிமூட்டத்தில், சுமார் இருபது கிலோமீட்டர் வர வேண்டும். மூன்று நாளும் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமே இருந்துவிடுவோம் என்றால் தாராளமாகப் போகலாம். ஏரியில் படகு விட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் கஷ்டம்.

வட்டக்கானல் வேண்டாம். இடத்தில் குறை ஒன்றும் இல்லை, உங்கள் மாமியாரின் முட்டியை நினைத்துத்தான் சொல்கிறேன். ரோடு குறுகல், வண்டி நிறுத்த இடம் தட்டுப்பாடு, பல வீடுகளுக்கு வண்டியை விட்டு இறங்கிச் சரிவில் நடந்துதான் போக முடியும். டால்பின் நோஸ் பாறையைப் பார்க்க நடக்கிறவர்கள் கூட்டமும் அந்த வழியில்தான்.

நான் தேடுவதாக இருந்தால் வில்பட்டி ரோட்டில்தான் தேடுவேன். நாயுடுபுரம், அட்டுவம்பட்டி, பள்ளங்கி எல்லாம் அந்தப் பக்கம். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருப்பதால் பஸ் உண்டு. சுற்றுலா வண்டிகள் அந்த ரோட்டில் குறைவு. ஊருக்குள் வர மோயர் பாயிண்ட் பக்கம் போகவே வேண்டாம், அரசு மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் அந்தத் திசையில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டமில்லாமல் கும்பிட்டுவிட்டு, மேகம் விலகினால் பழனி மலையையும் பார்த்துவிட்டு வரலாம்.

ரோடு முடிவானதும் வீட்டின் கடைசி இருநூறு மீட்டரைப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன் என் அம்மாவை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். படத்தில் பள்ளத்தாக்கு அப்படியே கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. போய்ப் பார்த்தால் கார் மேலேயே நின்றுவிட்டது. வீடு கீழே, மழையில் ஊறிய செம்மண் சரிவு. அம்மா செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தோளை இறுக்கிக்கொண்டு, ஓரடி ஓரடியாக இறங்கினார். மூன்று நாளும் அவர் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அட்வான்ஸ் அனுப்பும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வீடியோ கேட்கிறேன். கார் நிற்கும் இடத்தில் தொடங்கி, வெட்டாமல், படுக்கையறை வரை நடந்து வர வேண்டும். ஒரு நிமிஷ வேலைதான். அதில் படி, சரிவு, கைப்பிடி, பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வீடு எடுப்பதில்லை.

அமைதியைப் பற்றி நேரடியாகவே கேளுங்கள். அதே வளாகத்தில் எத்தனை காட்டேஜ் இருக்கின்றன, எல்லாவற்றையும் வாடகைக்கு விடுகிறார்களா, கேம்ப் ஃபயர் உண்டா, ஸ்பீக்கர் எத்தனை மணி வரை? தனி வீடு என்று சொல்லிவிட்டு ஆறு காட்டேஜுக்கு நடுவில் ஒன்றைக் கொடுக்கிற இடங்கள் உண்டு. சனிக்கிழமை ராத்திரி அங்கே காலேஜ் பிள்ளைகள் பாட்டுப் போட்டால் ஊருக்கு வெளியே வந்து ஒரு பயனும் இல்லை. முடிந்தால் திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள். விருந்தினர் கருத்துகளைப் படிக்கும்போது போன ஏப்ரல், மே மாதத்தில் எழுதியவற்றை மட்டும் தேடிப் படியுங்கள். ஆகஸ்டில் தங்கியவருக்கு எல்லா வீடும் அமைதியாகத்தான் இருந்திருக்கும்.

கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு வரும், பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். தினமும் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். கெய்சர் 15 லிட்டர் என்றால் இரண்டு பேர் குளித்ததும் மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு இரண்டு குளியலறை வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, சிலிண்டரும் பாத்திரமும் வாடகையில் அடக்கமா என்பதையும் பேசிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மே மாதத்திலும் ராத்திரி குளிரும். அதற்காகக் கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுவராதீர்கள். கதவை மூடிக்கொண்டு தூங்கினால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். கொடைக்கானலிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள்.

உரிமம் உள்ள வீடா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அனுமதியில்லாத கட்டிடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்த ஊர் இது. உரிமத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அட்வான்ஸை அதன்பிறகு போடலாம்.

சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. 2025 கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அதனால் தேதி முடிவானவுடன் முதலில் பாஸைப் பாருங்கள், வீட்டுக்குப் பணம் கட்டுவது அப்புறம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். நெரிசல் கூடுவதற்குள் மூஞ்சிக்கல்லைத் தாண்டி, காய்கறி, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை அந்த வழியில் ஓட்டிப் பார்த்துவிட்டால் ராத்திரி பனிமூட்டத்தில் திரும்பி வரும்போது தடுமாற மாட்டீர்கள். அவ்வளவு காலையில் வீட்டைத் திறந்து கொடுப்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.