பிள்ளைகளோடு சைக்கிளில்: நான்குவழிச் சாலையா, ஊர்ச் சாலையா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, காலாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கன்னியாகுமரி போவதாக இருக்கிறோம். பெரியவர்கள் 6 பேர், பிள்ளைகள் 7 பேர். மூத்தவளுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு 9. சனிக்கிழமை விடியக் கிளம்பி வள்ளியூரில் தங்கல், ஞாயிறு கன்னியாகுமரி, திரும்ப வேனில். மொத்தம் 85 கிலோமீட்டர் சொச்சம். நான்குவழிச் சாலையில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நல்ல அகலம் இருக்கிறது. ஊர்ச் சாலையில் ஒரு பஸ் வந்தாலே ஒதுங்க இடமில்லை. அதனால் நான்குவழிச் சாலைதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். என் மனைவிக்கு அதில் சம்மதமில்லை. திருச்செந்தூர் பக்கம் போகலாம் என்கிறாள். எது சரி?

பாளையங்கோட்டை வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

நான்குவழிச் சாலை வேண்டாம் என்று உங்கள் வீட்டில் சொல்வது சரி. திருச்செந்தூர்ச் சாலையும் நல்ல யோசனைதான், ஆனால் மாதம் சரியில்லை. காலாண்டு லீவு புரட்டாசியில் வரும். சனிக்கிழமைகளில் கிருஷ்ணாபுரம், கருங்குளம், நவதிருப்பதி என்று பெருமாள் கோவில் கூட்டம் அந்த வழியில்தான் போகும். நவராத்திரியும் சேர்ந்துகொண்டால் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேடம் போட்டவர்களின் வேன்கள் இரவு பகலாக ஓடும். காலண்டரைப் பார்த்துவிட்டு அந்தப் பாதையை வேறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்குவழிச் சாலையின் அகலம் பார்த்தவுடனே தைரியம் கொடுக்கும். பிள்ளைகளோடு போகிறவர் கணக்கில் எடுக்கவேண்டியது பக்கத்தில் போகிற வண்டியின் வேகம். ஒன்பது வயதுப் பிள்ளை மணிக்கு 12 கிலோமீட்டர் மிதிக்கும். பின்னால் ஒரு கார் 90இல் வருகிறது. 100 மீட்டர் தூரத்தில் பிள்ளையைப் பார்த்த ஓட்டுநர் 5 நொடிக்குள் பக்கத்தில் வந்துவிடுவார். ஊர்ச் சாலையில் 40இல் வருகிற பஸ், பிள்ளையும் முன்னால் நகர்ந்துகொண்டிருப்பதால், அதே 100 மீட்டர் இடைவெளியை எட்டிப்பிடிக்க 13 நொடி ஆகும். கூடுதலாகக் கிடைக்கிற அந்த 8 நொடியில் டிரைவர் ஹாரன் அடித்து பிரேக்கில் கால் வைப்பார், நீங்கள் விசில் ஊதுவீர்கள், பிள்ளை ஒதுங்கிவிடும்.

வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருக்கிற இடமும் காலியாக இருப்பதில்லை. லாரியை நிறுத்தி டிரைவர் தூங்குவார். அதைச் சுற்றிப் போகப் பிள்ளைகள் ஓடுபாதைக்குள் வரவேண்டும். எதிர்த்திசையில் பைக்குகள் வரும். வெடித்த லாரி டயரின் கம்பித் துண்டுகள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். பஞ்சருக்கு உடைமுள்ளைவிட அந்தக் கம்பி மோசம், டியூபைக் கழற்றிப் பார்த்தாலும் டயருக்குள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம், நாங்குநேரி, வள்ளியூர் போன்ற ஊர்களுக்கு இடப்பக்கம் சாலை பிரிகிற வாய். நேராகப் போகிற சைக்கிளுக்குக் குறுக்கே, வேகத்தைக் குறைக்காமல் கார் இடது பக்கம் ஒடித்துப் போகும்.

இனி காற்று. உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய பயம் அதுதான். நாங்குநேரிக்குத் தெற்கே போகப்போக ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பதே அதற்காக. ஆனி, ஆடியில்தான் கடுமை என்றாலும் புரட்டாசி தொடக்கத்திலும் மேற்கிலிருந்து வீசும். நீங்கள் தெற்கே போகிறீர்கள், ஆக காற்று வலப்பக்கம். சைக்கிள் விழாமல் இருக்கப் பிள்ளை தன்னை அறியாமல் வலது பக்கம் சாய்ந்து மிதிக்கும். அப்போது ஒரு கண்டெய்னர் லாரி வலப்பக்கம் முந்துகிறது. லாரியின் உடம்பு காற்றை மறைத்துவிடும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த பிள்ளை, தள்ளுகிற காற்று சட்டென்று இல்லாமல் போனதும் வலப்பக்கமே, அதாவது லாரியின் பக்கமே வளையும். லாரி கடந்ததும் காற்று மறுபடி ஓங்கி அடிக்கும். பெரியவர்களின் கை இதைச் சமாளிக்கும். 28 கிலோ எடையுள்ள பிள்ளையால் ஒவ்வொரு லாரிக்கும் சமாளிக்க முடியாது.

நான் சொல்கிற மாற்றுப் பாதை அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு. திசையைக் கவனியுங்கள், மேற்கே மிதித்துப் போகவேண்டாம். சைக்கிள்களை முதல் நாளே லோடு ஆட்டோவில் ஏற்றி அம்பைக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் ரயிலில் போய் இறங்குங்கள். அங்கிருந்து ஆறு ஓடுகிற திசையிலேயே கிழக்கே மிதித்தால் மேல்காற்று முதுகில், சரிவும் லேசாக உங்கள் பக்கம். முதல் நாள் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வழியாகச் சேரன்மகாதேவி வரை, ஏறத்தாழ 18 கிலோமீட்டர். இரண்டாம் நாள் பத்தமடை, கோபாலசமுத்திரம் விலக்கு, முன்னீர்பள்ளம் என்று ஏறத்தாழ 20. தூரம் குறைவு என்று தோன்றும். 20 இன்ச் சக்கரத்தில், கியர் இல்லாமல் மிதிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 போதும். ஓய்வையும் சேர்த்தால் கூட்டமாக மணிக்கு 8 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். கடைக்குட்டியின் கால்தான் பயணத் தூரம், மூத்தவளுடையது அல்ல.

இந்தப் பாதையின் பெரிய வசதி, நடுவில் விட்டுவிட முடியும். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்று ரயில் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன, பஸ் அதைவிட அடிக்கடி வரும். ஒரு பிள்ளைக்கு முடியவில்லை என்றால் தாயோ தகப்பனோ கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம், சைக்கிள் லோடு ஆட்டோவில் பின்னால் வரும். புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் சேரன்மகாதேவியில் மண்டபம் கிடைப்பது சுலபம். கக்கூஸ் எத்தனை, சைக்கிளை உள்ளே வைத்துப் பூட்ட இடம் உண்டா என்று கேட்டுப் பேசுங்கள்.

குறையும் உண்டு. காலையில் கிழக்கே போனால் வெயில் நேரே கண்ணில். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கும் கண் கூசும், முன்னால் போகிற சைக்கிள் நிழலுருவமாகத்தான் தெரியும். செப்டம்பர் கடைசியில் சூரியன் 6 மணி சுமாருக்கு உதிக்கும். வெளிச்சம் வந்ததும் அம்பையிலிருந்து கிளம்பி, ஆற்றுப் பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சியில் 3 கிலோமீட்டரிலேயே நிறுத்திவிடுங்கள். இட்லி சாப்பிட்டு, 7.20 வாக்கில் சூரியன் கொஞ்சம் மேலே ஏறியபின் கிளம்பினால் போதும். இரண்டாம் நாளும் ஏழேகாலுக்கு முன்னால் புறப்படவேண்டாம். எல்லாருக்கும் ஆரஞ்சு அல்லது பச்சைமஞ்சள் மேல்சட்டை, பகலிலும் பின்னால் சிவப்பு மினுக்கு விளக்கு. 10.30க்குள் இறங்கிவிட வேண்டும். அதன்பின் வெயிலும் காற்றும் இரண்டும் ஏறும்.

ஆற்றுப் பாதை என்றதும் கன்னடியன் கால்வாய்க் கரையில் போகலாமே என்று தோன்றும். கூகுள் மேப்பில் நடைவழி கேட்டால் அதுவே அங்கே கொண்டுபோய் விடும். வேண்டாம். கரையில் தடுப்பு கிடையாது, டிராக்டர் தடம் நடுவில் மேடாகவும் இரண்டு பக்கமும் பள்ளமாகவும் இருக்கும். மணிமுத்தாறு, பாபநாசம் சோதனைச்சாவடிக்கு மேலே போகிற சாலைகளும் வேண்டாம், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பிள்ளைகளுக்கு வழியில் ஏதாவது காட்டவேண்டும் என்றால் வீரவநல்லூர்ப் பக்கமிருந்து திருப்புடைமருதூர் போகலாம். கோவில் மருதமரங்களில் பறவைகள் அடையும், 2005இல் பறவைக் காப்பகமாக அறிவித்த இடம். அதை ஆட்டோவில் போய்ப் பாருங்கள், மிதிக்கிற கணக்கில் சேர்க்காதீர்கள். ஆற்றில் இறங்கிக் குளிப்பதையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது, அணையில் தண்ணீர் திறந்தால் மட்டமும் சட்டென்று ஏறும்.

பாதையை மேப்பில் முடிவுசெய்யக்கூடாது. ஒரு வாரம் முன்னால், நீங்கள் போகப்போகிற அதே கிழமையில், அதே நேரத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் சைக்கிளிலேயே போய்ப் பாருங்கள். பைக்கில் போனால் மேடு தெரியாது, எதிர்காற்று தெரியாது, தார் விளிம்பு தெரியாது. மூன்று இடங்களில் கால் மணி நேரம் நின்று பஸ், லாரி, டிப்பர் மூன்றையும் எண்ணுங்கள். கால் மணி நேரத்தில் இரண்டு திசையும் சேர்த்துப் பதினைந்துக்கு மேல் போனால் அந்தத் துண்டைப் பிள்ளைகளோடு மிதிக்கவேண்டாம் என்பது என் அளவுகோல், அதை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கடந்துவிடலாம். முன்னீர்பள்ளத்துக்குக் கிழக்கே, மேலப்பாளையத்துக்குள் நுழைகிற பகுதியை எண்ணாமலே அப்படித் தள்ளிவிடலாம். களைத்துப்போன பிள்ளைகள், ஊர் நெரிசல், வீடு வந்துவிட்டது என்ற அவசரம் மூன்றும் அங்கே சேரும்.

தார் விளிம்பைத் தனியாகச் சொல்லவேண்டும். சாலைக்கு மேலே மேலே தார் போட்டதில் ஓரம் 5 முதல் 10 சென்டிமீட்டர் படிபோல நிற்கும். பஸ்ஸுக்கு ஒதுங்குகிற பிள்ளை மண்ணில் இறங்கிவிட்டு, ஓடிக்கொண்டே சாய்வாகத் திரும்ப ஏறப் பார்க்கும். முன்சக்கரம் படியில் உரசும், ஏறாது, பிள்ளை தார்ச்சாலைப் பக்கமே விழும். முந்தின வாரம் மைதானத்தில் பழக்குங்கள்: இறங்கினால் நிற்கவேண்டும், சைக்கிளைத் தூக்கி வைத்துத்தான் திரும்ப ஏறவேண்டும். இறங்காமலிருக்க விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே மிதிக்கவேண்டும். கார் பருவத்து நெல் அறுப்பு நேரமாக இருந்தால் சாலையில் பாதியில் நெல் காயும், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். நெல்லில் சைக்கிள் ஏறினால் வழுக்கும், வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரி.

13 பேரும் ஒரே வரிசையாகப் போகாதீர்கள். பஸ் முந்துவதற்கு இடம் கிடைக்காது, டிரைவர் பொறுமையிழந்து நடுவில் நுழைவார். இரண்டு குழுவாகப் பிரிந்து, நடுவில் 150 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒவ்வொன்றிலும் வழி தெரிந்த பெரியவர் முன்னால், அவருக்கு அடுத்தபடி மெதுவாக மிதிக்கிற பிள்ளை. வேகத்தை அந்தப் பிள்ளைதான் தீர்மானிக்கும், கடைசியில் விட்டால் துரத்தித் துரத்தியே ஓய்ந்துவிடும். நடுவில் இன்னொரு பெரியவர், கடைசியில் விசிலோடு மூன்றாமவர். கடைசியில் வருகிறவர் பிள்ளைகளைவிட ஓர் அடி வலப்பக்கம் தள்ளி வரவேண்டும், பின்னால் வருகிற வண்டி சுற்றிப்போக அதுவே குறிப்பு. ஒரு நீள விசில் என்றால் பின்னால் பெரிய வண்டி, இரண்டு சின்ன விசில் என்றால் எல்லாரும் ஓரமாக நின்று கால் ஊன்றவேண்டும். எதிரும் பின்னும் இரண்டு பஸ் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டாவது விசில்தான். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கக்கூடாது, இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். ரயில் தண்டவாளம் சாய்வாகக் குறுக்கிட்டால் தள்ளிக்கொண்டே கடக்கவேண்டும்.

சைக்கிள்களைக் கிளம்புகிற அன்று கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், பத்து நாள் முன்னால் பாருங்கள். புதிதாக மாட்டின பிரேக் கேபிள் இரண்டு மூன்று நாள் ஓட்டினபின் தளரும், திரும்ப முறுக்கவேண்டும். பிள்ளையின் விரல் பிரேக் பிடியை எட்டுகிறதா என்று பாருங்கள், பிடியில் இருக்கிற சின்னத் திருகை முறுக்கினால் பல சைக்கிள்களில் கிட்டே வரும். 20, 24, 26 இன்ச் என்று எத்தனை அளவுச் சக்கரம் இருக்கிறதோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு டியூப். வால்வு ஒரே மாதிரி இருக்காது. பைக் டியூபில் இருப்பதுபோன்ற வால்வும், பழைய சைக்கிள் வால்வும் கலந்து இருக்கும், பம்பு இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அடித்துப் பாருங்கள். டயர் லிவர் மூன்று, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் புது டியூப் ஒன்று (திறந்து வைத்தது காய்ந்திருக்கும்), 14, 15 ஸ்பேனர். பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உள்பக்கம் விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவி முள்ளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அதே இடம் மறுபடி இறங்கும். தண்ணீர் பிள்ளைக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அரைமணிக்கு ஒரு முறை நிறுத்திக் குடிக்க வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஒன்று.

மழை அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் லீவு தள்ளிப்போனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த நாடு இது. மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே தேதியை மாற்றுங்கள், மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.

முன்னோட்டம் போய்வந்ததும் மூன்று இடத்து எண்ணிக்கையையும், வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் தார் விளிம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்தத் துண்டை மிதிப்பது, எதை ஆட்டோவில் ஏற்றுவது என்று பிரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.