பதில்: 1947 கட்டுரையில் ஆசிரியர் பெயர் 'எக்ஸ்' என்று இருப்பது ஏன்?

வணக்கம் நண்பரே. ஃபாரின் அஃபேர்ஸ் என்ற அமெரிக்க வெளியுறவு இதழின் 1947 ஜூலைக் கட்டுரையில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' என்று மட்டும் இருப்பது அச்சுப்பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, வேண்டுமென்றே போட்டது. எழுதியவர் ஜார்ஜ் கென்னன் என்ற அமெரிக்க அதிகாரி. அப்போது அமெரிக்க வெளியுறவுத் துறையில் பொறுப்பில் இருந்ததால் சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை. அந்த ஜனவரியில் இந்த இதழை வெளியிடும் வெளியுறவு மன்றத்தில் அவர் பேசியதை அறிந்துதான் இதழாசிரியர் ஹாமில்டன் ஃபிஷ் ஆம்ஸ்ட்ராங் கட்டுரை கேட்டார். கொஞ்ச நாளிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது! அதனால் உங்கள் ஆய்வேட்டில் 'எக்ஸ் (ஜார்ஜ் கென்னன்)' என்றே தாராளமாகப் போடுங்கள்.

அப்புறம், இதழ் தொடங்கிய ஆண்டு 1922தான். தொடக்க ஆண்டாக நீங்கள் பார்த்த 1910, பின்னால் இதனோடு இணைந்த வேறொரு இதழின் தொடக்கம். அதையும் ஒரு வரி எழுதுங்கள், அவசியம். அந்த 1910 இதழின் முதல் பெயரே 'இன வளர்ச்சி இதழ்' என்ற பொருளில்தான் இருந்தது.