நுவரெலியாவில் தினமும் ஓட்டும் மஸ்டா ரோட்ஸ்டருக்கு எஞ்சினில் முதலில் எதை மாற்றலாம்?

கேள்வி இதுதான்: "1991ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், 1.6 எஞ்சின். நுவரெலியாவில் வேலை, வாரம் ஒரு தடவை கண்டி. ரம்பொடை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது. கேம், ஹெடர், டர்போ, இதில் எதற்குக் காசு போடலாம்?"

(கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, ஹெடர் என்பது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி, டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி.) நானும் அதே வண்டியை அதே ரோட்டில் எட்டு வருடமாக ஓட்டுகிறேன். எஞ்சின் களைத்துப்போனது என்று முடிவுகட்டாதீர்கள். இங்கே காற்றுத்தான் குறைவு.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பதுதான் இங்கே. நம் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதையும் சேர்த்துப் பார்த்தால் டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. ஜப்பானில் 120 குதிரைவலு என்று விற்ற உங்கள் எஞ்சினுக்கு, நம் ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் நூறுதான் மிச்சம்.

இது தெரியாமல் நான் ஒருமுறை வீணாகக் கலங்கிப்போனேன். ஒரு கராஜில் கம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு) பார்த்துவிட்டு, "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார்கள். மீற்றரில் 145 பிஎஸ்ஐ காட்டியது. கொழும்பில் 180 காட்டும் நல்ல எஞ்சின் இந்த உயரத்தில் 145 அளவில்தான் காட்டும்! அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. மலைநாட்டில் கம்பிரசன் பார்க்கும்போது, நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கேம் வேண்டாம். ஏப்ரல் மாதம் மகாகஸ்தோட்ட ஏற்றப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கார்கள் ஒரே மூச்சில் ஏறி முடித்து நிற்பவை. ரம்பொடைக் கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் 30 கிலோமீற்றர் வேகம் என்றால் உங்கள் எஞ்சின் சுற்றுவது நிமிடத்துக்கு 2,200 சுற்று அளவில்தான். பெரிய கேம் 5,000க்கு மேலே தருவதை இந்த 2,200இல் இருந்து எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, பெரிய கேம் போட்ட எஞ்சினுக்கு ஐட்லில் (அக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) வெற்றிடம் குறைவு. பிரேக்கை மிதிக்கக் கைகொடுக்கும் பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. வெளிக் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதன் உதவி இங்கே ஏற்கெனவே குறைந்துதான் இருக்கிறது. அதை இன்னும் குறைத்துக்கொண்டு புசல்லாவைப் பக்கம் இறங்க எனக்கு மனம் வராது.

ஹெடர் போடுவதென்றால் 4-2-1 வகை (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேர்வது), நடுச் சுற்றுகளில் கொஞ்சம் உதவும். அதிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக்கைக் கழற்றாதீர்கள், வருடாந்த புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். திறந்த கோன் ஃபில்டர் (கூம்பு வடிவக் காற்று வடிகட்டி) சத்தத்துக்கு மட்டும்தான். கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது பொனட்டுக்குள் தேங்கும் சூட்டையே அது இழுக்கும்.

டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) முன்னே தள்ளுவது காசில்லாத வழி. கம்பனி வைத்தது 10 பாகை, பலர் 14 வரை வைக்கிறார்கள். நான் இங்கே 16 வைத்து 92 பெற்றோலிலேயே ஓட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. அழுத்தம் குறைந்த இடத்தில் எஞ்சின் அவ்வளவு சுலபமாக நொக் பண்ணாது (பெற்றோல் தானாக வெடித்துத் தட்டாது). பிறகு ஒரு நாள் கொழும்புக்கு இறங்கினேன். அவிசாவளை தாண்டியதும், மத்தியான வெயிலில், ஏற்றமே இல்லாத ரோட்டில் தகரத்தில் கல் தட்டுவது போலச் சத்தம். அன்று பிஸ்டன் தப்பியதே பெரிய விஷயம். நீங்கள் கண்டி வரைதான் போகிறீர்கள் என்றாலும், 12க்கு மேல் போவதென்றால் 95 அடியுங்கள்.

இனி என் உண்மையான பதில்: 1.8 எஞ்சின். 1993இல் மஸ்டாவே இந்த ரோட்ஸ்டருக்குப் போட்டது, 1,839 சிசி. உங்களுடையது 1,598. அதாவது 15 வீதம் கூட. மலை எடுத்துக்கொண்டதைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பித் தருகிறது, அதுவும் எல்லாச் சுற்றிலும், 2,000இலிருந்தே. பாடியில் வெட்டுக்கொத்து வேலை பெரிதாக இல்லை. நான் ஐந்து வருடத்துக்கு முன், பழைய வாகனப் பாகங்களுக்குப் பேர்போன கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தேன். எஞ்சினோடு அதன் காற்று அளவியையும் ஈசியூவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேர்த்தே வாங்குங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல். ஏற்றுமுன் டைமிங் பெல்ட்டையும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிடுங்கள். டிஃப்பை (பின் அச்சில் இருக்கும் கியர்ப் பெட்டி) மட்டும் தொடாதீர்கள். 1.6இன் 4.3 விகிதம், 1.8இன் 4.1ஐ விட ஏற்றத்துக்கு நல்லது. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தத்தான் வேண்டும், அதைப் பின்போடாதீர்கள்.

டர்போ? உயரத்தை மிஞ்சும் வழி அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண வேஸ்ட்கேட்டோடு (டர்போ அழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்தும் வால்வு) 0.4 பார் வைத்தால், வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கொழும்பில் மொத்தம் 1.4, இங்கே 1.2தான். அதற்கு இன்ஜெக்டர், ஈசியூ, கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் பின்னால் வரிசையாக வரும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு நான் செய்யமாட்டேன்.

எதைச் செய்தாலும் முதலில் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடலாம். நம் பனியிலும் மழையிலும் நான் வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். கம்பிரசன் பார்த்தால் நாலு இலக்கத்தையும், எந்த ஊரில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். இந்த எஞ்சினையே வைத்திருக்கலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.