பழைய கார் வாங்கிய பத்தாம் நாளே பழுதானால் சட்டப்படி என்ன செய்யலாம்?

விற்றவர் யார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். கார் விற்பதையே தொழிலாகக் கொண்ட டீலரிடம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள், பழுதை நீக்கித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோரிப் புகார் அளிக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

தேய்ந்த டயரும் கிளட்ச்சும் பழைய வண்டியின் இயல்பு. அவற்றைக் குறைபாடு என்று வாதிடுவது கடினம். விபத்தை மறைப்பதும் ஓடோமீட்டரைத் திருத்துவதும் வேறு கதை. பழைய சர்வீஸ் பில்லில் 92,000 கிலோமீட்டர் என்றிருக்க, மீட்டர் 48,000 காட்டினால், அந்த ஒரு தாளே வலுவான சான்று.

தொழில்முறை விற்பனையாளர் அல்லாத தனிநபரிடம் வாங்கியிருந்தால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உண்மையை மறைத்து விற்றதாக உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். எதுவாயினும், வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே மெக்கானிக்கின் கருத்தை எழுத்தில் வாங்கி, விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.