35 மணி நேர வேலையும் திரும்பி வந்த மிக்ஸியும்

வணக்கம் அண்ணா. பாரிஸ் லா ஷப்பலில் உள்ள உங்கள் மின்சாதனக் கடையில் வேலைக்கு இருக்கும் தம்பியை வாரம் 35 மணிக்குப் பதில் 39 மணி நேரம் வைத்தால் செலவு எவ்வளவு ஏறும் என்று கேட்டிருந்தீர்கள். 14 மாதத்தில் பழுதாகித் திரும்பி வந்த மிக்ஸியைப் பற்றியும்.

பிரான்ஸில் வாரத்துக்கு 35 மணி என்பது சட்டப்படியான வேலை நேரம், உச்சவரம்பு இல்லை. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், அவ்வளவுதான். உங்கள் துறையின் கூட்டு ஒப்பந்தத்தில் (முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்டது) வேறு விகிதம் இல்லையென்றால் ஓவர்டைமின் முதல் 8 மணிக்கு 25% கூடுதல். 4 மணி ஓவர்டைமுக்கு 5 மணிச் சம்பளம்; ஆக 39 மணிக்கு 40 மணியின் கூலி. 35 மணிச் சம்பளத்தோடு பார்த்தால் ஏற்றம் சுமார் 14.3%; ஆனால் 39 மணியையும் சாதாரணக் கூலியில் கணக்கிட்டதைவிட அதிகமாகப் போவது சுமார் 2.6% தான். தயவுசெய்து அதைச் சம்பளச் சீட்டில் காட்டுங்கள். கையில் காசாகக் கொடுத்தால் அந்தத் தம்பியின் ஓய்வூதியம்தான் அடிபடும்.

உண்மையான செலவு மிக்ஸிதான். புதுப் பொருளுக்கு 2 வருடம் விற்றவரே பொறுப்பு. குறை முதலிலேயே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்து மோட்டார் எரிந்தது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும், பழுதுபார்த்தால் உத்தரவாதம் இன்னும் 6 மாதம் நீளும். ஆனால் அந்தச் செலவை உங்களுக்கு விற்ற மொத்த வியாபாரியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில் இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். பில் இல்லாமல் மலிவாக எடுத்த சரக்கென்றால் முழுச் சுமையும் உங்கள் தலையில்தான். இனி ஒவ்வொரு பெட்டியின் சீரியல் எண்ணையும் பில்லிலேயே குறித்து வையுங்கள்.